இரத்தினக் கம்பளம் நெய்த கவிஞர்

மனைக்கு அழகு செய்வன பல. சுவரில் தீட்டிய ஓவியமும், தூணிற் செதுக்கிய பூங்கொடியும், வாயிலில் தொங்கும் திரைச்சீலையும் காண்பார் கண்ணைக் கவர்வன. தரையில் விரிக்கும் இரத்தினக் கம்பளமோ கண்ணுக்கும் காலுக்கும் ஒருங்கே இன்பம் பயப்பது. செம்மையும் நீலமும் பொன்மையும் விரவிய கம்பளி மயிர் செறிந்து, பூத்த சோலையொன்று தரையிற் படிந்தது போல விளங்கும் அதன் பெருமையைப் பாரசீகமும் துருக்கியும் இந்தியாவும் நெடுங்காலமாக அறிந்திருந்தன. 19-ஆம் நூற்றாண்டில், பொறிகளின் பேரொலி மிகுந்த இங்கிலாந்து நாட்டில், அக்கலையைத் தம் கையாற் பயின்று, பிறர்க்கும் பயிற்றி, அதன் வாயிலாக உழைப்பின் மாண்பை உலகுக்கு உணர்த்த முயன்றார் ஒருவர். அவரே வில்லியம் மாரிஸ் என்னும் பெரியார்.

இளமையும் கல்வியும்

மாரிஸ் 1834-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24-ஆம் நாள் இலண்டனை அடுத்த வால்தம்ஸ்டோ என்னும் ஊரிற் பிறந்தார். அவர் தந்தையார் இலண்டன் மாநகரில் பொருள் வாணிகம் நடத்திய செல்வர். செம்புச் சுரங்கம் ஒன்றிற் பங்குகள் வாங்கியிருந்தமையால் அவர்தம் செல்வம் மேன்மேலும் பெருகிற்று. குடும்பம் எப்பிங் காட்டின் ஓரத்தில் ஒரு பெரிய மாளிகையில் வாழ்ந்தது. சிறுவன் மாரிஸ் மட்டக் குதிரை மீதேறி அக்காட்டில் உலவுவான். மரஞ்செடி கொடிகளின் பெயர்களையும், பறவைகளின் இயல்புகளையும் நன்கு அறிந்து கொண்டான். அக்காட்டருகே அரசி எலிசபெத்தின் வேட்டை மாளிகை என வழங்கும் பழைய கட்டடம் ஒன்று உண்டு. அங்கே ஓரறையில், நிறம் மங்கிய பசிய திரைச்சீலைகள் தொங்குவதை அவன் கண்டான். அக்காட்சி அவன் நெஞ்சில் ஆழப் பதிந்தது. பிற்காலத்தில் அவர் தீட்டிய கொடியும் இலையும் மலரும் இந்தக் காட்டிலே வேரூன்றியவை எனலாம்.

1847-இல் தந்தையார் மறைந்தார். மாரிஸ் மார்ல்பரோ கல்லூரியிலும், பின்னர் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக் கழகத்திலும் பயின்றார். சமயத் தொண்டராகும் கருத்தோடு ஆக்ஸ்போர்டுக்குச் சென்ற அவருக்கு, அங்கே எட்வர்டு பர்ன்-ஜோன்ஸ் என்னும் நண்பர் வாய்த்தார். நண்பர் இருவரும் 1855-இல் வட பிரான்சு நாட்டின் பழந்திருக்கோயில்களைக் கண்டு வந்தனர். பெயரறியாத கொத்தரும் தச்சரும் உள்ளம் ஒன்றிச் செய்த அவ்வேலைப்பாட்டைக் கண்டதும், தம் வாழ்வு கலைக்கே உரியது என இருவரும் உறுதி பூண்டனர். மாரிஸ் சிலகாலம் கட்டடக் கலைஞர் ஒருவரிடம் பயின்றார். பின்பு ரோஸெட்டி என்னும் ஓவியரின் தூண்டுதலால் ஓவியம் பழகினார். 1858-இல் தம் முதற் கவிதை நூலை வெளியிட்டார். இருபத்தோராம் வயதில், செம்புச் சுரங்கப் பங்குகளிலிருந்து ஆண்டுக்கு 900 பவுன் வருவாய் அவர்க்கு உரிமையாயிற்று. உழைக்காமலே உண்டு களித்து வாழ்நாளைக் கழிக்க அது போதும். ஆனால் அவர் அவ்வழியிற் செல்லவில்லை.

செந்நிற இல்லம்

1859-இல் மாரிஸ், குதிரைலாயத்திற் பணிபுரிந்த ஓர் ஏழையின் மகளாகிய ஜேன் பர்டனை மணந்தார். புதுமனை ஒன்று வேண்டும் என எண்ணிய அவர்க்கு, பிலிப் வெப் என்னும் நண்பர் செங்கல்லால் ஓர் அழகிய வீட்டைக் கட்டித் தந்தார். அதுவே செந்நிற இல்லம் எனப் பெயர் பெற்றது. வீடு முடிந்தது, உள்ளே வைக்கத் தகுந்த பொருள்கள் கிடைக்கவில்லை. கடைகளில் இருந்தவை யாவும் பொறிகள் விரைந்து செய்து குவித்தவை. போலி அழகு மிகுந்தவை. நாற்காலியில் உறுதியில்லை, திரையில் நிறமில்லை, தரை விரிப்பிலோ, மிதித்தால் முள் குத்துமோ என அஞ்சுமாறு, உண்மை மலர் போலப் புடைத்துத் தோன்றும் பெரிய ரோசாக்கள்! மாரிஸும் நண்பர்களும் தம் கைகளாலேயே மேசையும், சுவரோவியமும், திரைச்சீலையும் ஆக்கிக் கொண்டனர்.

அவ்விளையாட்டே வினையாக முதிர்ந்தது. 1861-இல் நண்பர் எழுவர் சேர்ந்து ஒரு தொழில் நிலையம் தொடங்கினர். வண்ணக் கண்ணாடி, சுவர்த்தாள், மரப்பொருள், பூந்தையல் முதலியன அங்கு உருவாயின. 1875-இல் அந்நிலையம் மாரிஸ் ஒருவரின் பொறுப்பில் வந்தது. அதே ஆண்டில் அவர் செம்புச் சுரங்கத்தின் இயக்குநர் பதவியையும் துறந்தார். பதவிக்கு அடையாளமாகத் தாம் அணிந்து வந்த உயர்ந்த தொப்பியின்மேல் வேண்டுமென்றே அமர்ந்து அதனை நசுக்கிவிட்டார் என்பர். இனி அவர்க்கு வாழ்வும் தாழ்வும் தம் கைத்தொழிலாலேயே வருவன ஆயின.

சாயத் தொட்டியில் ஒரு தவம்

நெய்யும் நூலுக்கு நல்ல நிறம் வேண்டும். 1856-இல் பெர்க்கின் என்னும் இளைஞர் கரித்தாரிலிருந்து கிடைத்த பொருளைக் கொண்டு செயற்கைச் சாயம் கண்டார். அதன்பின் அத்தகைய சாயங்களே எங்கும் பரவின. அவை மலிவானவை, எளிதில் தோய்ப்பவை, ஆயினும் அந்நாளில் அவற்றுட் பல, வெயில் பட்டதும் வெளிறின, ஒன்றோடொன்று இணங்காது கண்ணை உறுத்தின. பழைய கம்பளங்களோ முந்நூறு ஆண்டு கடந்தும் நிறம் மாறாமல் இருந்தன. அம்மறையை அறிய வேண்டும் என மாரிஸ் துணிந்தார்.

1875 முதல் இரண்டு மூன்று ஆண்டுகள், லீக் என்னும் ஊரில் தாமஸ் வார்டில் என்பாரின் சாயச் சாலைக்கு அவர் பலமுறை சென்று தங்கினார். பழைய மூலிகை நூல்களைத் தேடிப் படித்தார். அவுரியிலிருந்து நீலமும், மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேரிலிருந்து சிவப்பும், வெல்ட் என்னும் செடியிலிருந்து மஞ்சளும், வால்நட் மரத்தின் வேரிலிருந்து பழுப்பும் எடுக்கும் பழைய முறைகளை மீண்டும் உயிர்ப்பித்தார். அவுரித் தொட்டியில் தோய்த்த நூல் வெளியே எடுக்கும்போது பசுமையாயிருக்கும். காற்றுப் பட்டதும் மெல்ல மெல்ல நீலமாக மாறும். அம்மாற்றத்தைக் குழந்தை போல் வியந்து நோக்கி நின்றார் அவர். புகழ்பெற்ற கவிஞராகிய அவர், தொழிலாளர் அணியும் முரட்டுச் சட்டையும் மரச் செருப்பும் பூண்டு, முழங்கை வரை நீலம் படிந்த கைகளோடு தொட்டியருகே நின்ற தோற்றத்தைக் கண்டு நண்பர் நகைத்தனர். அவரோ அதனைப் பெருமையாகவே கொண்டார். தாம் செய்யவியலாத ஒன்றைப் பிறரைச் செய்யுமாறு ஏவுதல் தகாது என்பது அவர் கொள்கை.

கம்பளத் தறி

சாயம் கைவந்தபின் மாரிஸின் உள்ளம் கம்பளத்தில் நாடியது. பாரசீகக் கம்பளங்களை அவர் பெரிதும் போற்றினார். ஹாமர்ஸ்மித் என்னும் இடத்தில், தேம்ஸ் ஆற்றங்கரையில் 1878-இல் அவர் குடிபுகுந்த வீட்டின் உணவறையில் ஒரு பாரசீகக் கம்பளம் சுவரை மறைத்து மேற்கூரை வரை தொங்கியது. கிழக்கு நாடுகளின் கம்பளக் கலை தளர்ந்து வருவதை அவர் கண்டார். ஆதலின் மேலைநாட்டார் அதனை வாங்கி விரிப்பதோடு அமையாமல், அதன் நெறியைக் கற்றுத் தமக்கென ஒரு வகையைப் படைத்தல் வேண்டும் எனக் கருதினார்.

இலண்டனில் தம் தொழில் நிலையத்தின் மேன்மாடத்து அறையொன்றில் முதலில் ஒரு தறியை நிறுத்தினார். பின்னர் ஹாமர்ஸ்மித் வீட்டை ஒட்டிய வண்டிக் கொட்டிலையே கம்பளச் சாலையாக மாற்றினார். அங்கே பெண்கள் தறிமுன் வரிசையாக அமர்ந்து வேலை செய்தனர்.

கம்பளம் முடையும் முறை பொறுமைக்கு ஒரு சோதனை ஆகும். தறியிற் பாவு நூல்களை மேலிருந்து கீழாக இறுக்கிக் கட்டுவர். நிறங்கொண்ட கம்பளி நூலை எடுத்து, இரண்டு பாவு நூல்களைச் சுற்றி முடிச்சிட்டு, நுனியை அறுத்து விடுவர். ஒரு வரிசை முடிந்ததும் குறுக்கே ஊடை நூலை ஓட்டிச் சீப்பினால் தட்டி இறுக்குவர். இவ்வாறு வரிசைமேல் வரிசையாக முடிச்சுகள் எழும். பின்பு நுனிகளைக் கத்தரியால் ஒப்புரவாக நறுக்கினால், மயிர் செறிந்த மெத்தென்ற பரப்புத் தோன்றும். எந்த முடிச்சுக்கு எந்த நிறம் என்பதைக் கட்டமிட்ட தாளில் முன்னரே தீட்டி வைத்திருப்பர். ஒரு கட்டம் ஒரு முடிச்சு. ஒரு முடிச்சுப் பிழைத்தால் ஓரிதழ் பிழைக்கும்.

கம்பளத்தின் சித்திரம் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதிலும் மாரிஸ் தெளிந்த கருத்துடையவர். கம்பளம் தரையில் விரிப்பது. ஆதலின் அதிலுள்ள உருவங்கள் புடைத்தன போலவும் குழிந்தன போலவும் தோன்றலாகாது. ஒவ்வொரு நிறமும் தன்னைச் சூழ்ந்த வேறொரு நிறக் கோட்டினுள், அணியிற் பதித்த மணிபோல் ஒளிர்தல் வேண்டும் என்றார். இரத்தினக் கம்பளம் என நம் முன்னோர் இட்ட பெயரின் பொருளை அவர் வேறொரு நாட்டிலிருந்து கண்டுணர்ந்தார் என்னலாம்.

1880-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் தம் கம்பளங்களை மக்கள் பார்வைக்கு வைத்தார். அவை ஹாமர்ஸ்மித் கம்பளங்கள் எனப் பெயர் பெற்றன. ஒரு சுத்தியல், அவர் பெயரின் முதலெழுத்து, ஆற்றைக் குறிக்கும் அலைக்கோடு ஆகிய மூன்றும் அவற்றின் அடையாளமாயின. வேலை பெருகவே, 1881-இல் வாண்டில் என்னும் சிற்றாற்றின் கரையில், மெர்ட்டன் ஆபி என்ற இடத்தில் ஏழு ஏக்கர் நிலத்தோடு கூடிய பழைய தொழிற்சாலை ஒன்றை எடுத்தார். அந்த ஆற்று நீர் சாயத்திற்கு மிக ஏற்றது. அங்கிருந்த மரங்களை அவர் வெட்டவில்லை. தொழிலாளர், மரநிழலும் நீரோட்டமும் காணும் இடத்தில் வேலை செய்தனர். பிற சாலைகளினும் மிகுந்த கூலி பெற்றனர். 1889-இல் அங்கே முடிந்த புல்லர்ஸ்வுட் கம்பளம் ஏழரை மீட்டருக்கு மேற்பட்ட நீளமும், ஏறத்தாழ நான்கு மீட்டர் அகலமும் உடையது.

உள்ளத்தின் போராட்டம்

புகழ் வளர வளர மாரிஸின் நெஞ்சில் ஒரு முள்ளும் வளர்ந்தது. அழகு எல்லார்க்கும் உரியது என்று அவர் மேடைதோறும் முழங்கினார். ஆனால் முடிச்சு முடிச்சாகப் பல திங்கள் முயன்று செய்யும் கம்பளத்தின் விலை உயர்ந்தே தீரும். அதனை வாங்குவோர் பெருஞ்செல்வரே. அதை முடைந்த பெண்ணின் வீட்டுத் தரையில் அது ஒருநாளும் விரியாது. விலையைக் குறைக்க வேண்டுமாயின், பொறியிடம் செல்ல வேண்டும். அல்லது உழைப்பவர் கூலியைக் குறைக்க வேண்டும். பொறியால் நெய்யும் எளிய வகைக் கம்பளங்களுக்கும் அவர் சித்திரம் வரைந்து தந்தார். ஆனால் கூலியைக் குறைக்க அவர் மனம் ஒப்பவில்லை. செல்வர் ஒருவரின் மாளிகையை அணிசெய்யும் வேலையில் இருந்தபோது, தம் வாழ்நாள் பணக்காரரின் ஆடம்பரத்துக்கு ஏவல் செய்வதிலேயே கழிகின்றதே எனச் சினந்து பேசினார் என்பர்.

நம் நாட்டின் நிலையும் அவர் நெஞ்சை வருத்திற்று. 1879-இல் பர்மிங்காம் நகரில் ஆற்றிய சொற்பொழிவில், ஆங்கில வாணிகம் இந்தியாவின் பழம்பெருங் கைத்தொழில்களை அழித்து வருவதை அவர் எடுத்துரைத்தார். சிறைச்சாலைகளில் மலிவான கம்பளங்களைச் செய்வித்து விற்பதால், வழிவழி வந்த கைவினைஞரின் தொழில் கெடுகின்றது எனத் தம் நாட்டு ஆட்சியையே கடிந்தார். ஆளும் இனத்திற் பிறந்து, ஆளப்படும் நாட்டின் நெசவருக்காகப் பரிந்து பேசிய அவரது நடுவுநிலைமை போற்றத் தக்கது.

தறியால் மட்டும் இவ்வுலகின் குறை தீராது எனத் தெளிந்த மாரிஸ், 1883-இல் சமதருமக் கட்சியிற் சேர்ந்தார். அப்போது அவர்க்கு வயது 48. அரிதின் தேடிய நூல்களுட் சிலவற்றை விற்றுக் கட்சிக்குப் பொருள் உதவினார். தெருமுனைகளிலும் பூங்காக்களிலும் நின்று பேசினார். மழையிலும் பனியிலும் ஊர் ஊராகச் சென்றார். பழைய நண்பர் சிலர் விலகினர். செய்தித்தாள்கள் எள்ளின. ஏழைகளுக்காகப் பேசுபவர் தம் தொழிற்சாலையின் இலாபத்தை எல்லார்க்கும் சமமாகப் பகிர்ந்தளிக்கலாகாதோ எனச் சிலர் வினவினர். மாரிஸ் அவ்வினாவைத் தட்டிக் கழிக்கவில்லை. தம் சாலையில் மட்டும் பகிர்ந்தால் ஒரு சிலர் சிறிது செல்வம் பெறுவர். நாடெங்கும் உள்ள ஏழையர் நிலை அதனால் மாறாது. மாற வேண்டுவது முழு அமைப்பே என்று விடையிறுத்தார். அவ்விடை அனைவரையும் மனநிறைவு அடையச் செய்யவில்லை. அவரையும் முற்றும் அமைதி பெறச் செய்ததாகத் தோன்றவில்லை. ஆயினும், தம் குறையைத் தாமே மறைக்காது ஒப்புக்கொண்டு, அது தீரும் வழியை இறுதிவரை தேடிய நேர்மையே அவரை உயர்ந்தோர் வரிசையில் வைத்தது.

ஆர்தபில் கம்பளம்

மாரிஸ் தென் கென்சிங்டன் அருங்காட்சியகத்துக்குக் கலைப்பொருள்களை ஆராய்ந்து கருத்துரைக்கும் அறிஞராகவும் விளங்கினார். அந்நாளில் பாரசீகத்தின் ஆர்தபில் நகரிலிருந்து ஒரு பெருங்கம்பளம் இலண்டனுக்கு விற்பனைக்கு வந்தது. சேக் சபியுத்தீன் என்னும் பெரியாரின் அடக்கத் தலத்தில் விரிந்திருந்தது அது. 1539–40-ஆம் ஆண்டுக்கு இணையான இசுலாமிய ஆண்டும், மக்சூத் காசானி என்ற பெயரும் அதிலேயே பொறிக்கப் பெற்றிருந்தன. நீளம் பத்தரை மீட்டர். அகலம் ஐந்து மீட்டருக்கு மேல். பட்டுப் பாவில் கம்பளி மயிரால், பத்து நிறங்களில், ஏறத்தாழ 2 கோடியே 60 இலட்சம் முடிச்சுகள்! நடுவே பொன்னிறச் சுடர்வட்டம். அதன் இரு மருங்கும் தொங்கும் இரண்டு விளக்குகள். சுற்றிலும் கருநீலப் பரப்பிற் கொடியும் பூவும்.

மாரிஸ் நேரிற் சென்று கண்டார். தம் வாழ்நாளெல்லாம் எதனைத் தேடி முடைந்தாரோ அது நிறைவு பெற்ற வடிவில் முன்னே கிடப்பதை உணர்ந்தார். தம் தொழிலுக்கு இது போட்டியாகுமே என்றோ, தம் கைவேலை இதன்முன் சிறுத்துவிடுமே என்றோ அவர் எண்ணவில்லை. தாம் கண்ட கம்பளங்களுள் இதுவே தலைசிறந்தது என்றும், இதன் அமைப்பிற் குறை கூற இடமில்லை என்றும், மக்கள் அனைவரும் கண்டு கற்குமாறு இதனை வாங்கியே ஆதல் வேண்டும் என்றும் வற்புறுத்தி எழுதினார். விலை 2,000 பவுன். அக்காலத்தில் அது பெருந்தொகை. 1893 மார்ச்சில் அருங்காட்சியகம் அதனைப் பெற்றது. தாம் செய்த கம்பளங்கள் செல்வர் இல்லங்களில் அடைபட்டன என வருந்திய அவர், உலகின் மிகச் சிறந்த கம்பளம் ஒன்றை ஏழையும் கட்டணமின்றி நின்று காணும் பொதுவிடத்தில் சேர்க்கத் துணைநின்றார். அவர் உள்ளத்து முள்ளுக்கு அதுவே ஓரளவு மருந்தாயிற்று எனலாம்.

இறுதி நாள்

1891-இல் மாரிஸ் கெல்ம்ஸ்காட் அச்சகத்தை நிறுவிக் கையச்சில் அழகிய நூல்களை வெளியிட்டார். சாசர் என்னும் பழம்புலவரின் படைப்புகளை அங்கு அச்சிட்டு 1896-இல் நிறைவேற்றினார். அதற்குள் அவர் உடல் தளர்ந்துவிட்டது. அவ்வாண்டு அக்டோபர் 3-ஆம் நாள், தம் 62-ஆம் அகவையில், ஹாமர்ஸ்மித் இல்லத்திலே உயிர் நீத்தார். பத்துப் பேர் செய்யும் வேலையை ஒருவரே செய்தமையே அவரது நோய் என்று மருத்துவர் ஒருவர் கூறினாராம். கெல்ம்ஸ்காட் என்னும் சிற்றூரில், மழையும் காற்றும் மிகுந்த ஒரு நாளில், கொடியும் தழையும் சுற்றிய திறந்த வண்டியில் அவர் உடல் கல்லறைக்குச் சென்றது. நாட்டுப்புற மக்களும் மெர்ட்டன் ஆபித் தொழிலாளரும் உடன் நடந்தனர்.

தென் கென்சிங்டன் அருங்காட்சியகம் 1899 முதல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் எனப் பெயர் பெற்றது. ஆர்தபில் கம்பளத்தைக் காண இன்றும் மக்கள் அங்கே திரள்கின்றனர். அதன் நிறங்கள் மங்காதிருத்தற்பொருட்டு ஒவ்வோர் அரைமணிக்கும் சிறிது நேரமே விளக்கேற்றுகின்றனர். மாரிஸின் புல்லர்ஸ்வுட் கம்பளமும் அவ்வருங்காட்சியகத்திற்கே உரிமையாயிற்று.

மாணவர்களே! கம்பளத்தின் மேற்புறத்தில் நாம் காண்பது மலர். அடிப்புறத்தைத் திருப்பினால் காண்பது முடிச்சு. ஒவ்வொரு முடிச்சும் ஒரு மனிதக் கையின் உழைப்பு. அழகிய பொருள் ஒன்றைக் காணும்போதெல்லாம் அதனைச் செய்த கையையும் எண்ணிப் பார்த்தலே வில்லியம் மாரிஸ் உலகுக்கு விட்டுச் சென்ற பாடமாகும்.